ஜீவஜந்துவும் ஜீவாத்துமாவும்: மதுரைக் கிறித்தவச் சூழலில் ஆதியாகமம், மனிதப் பரிணாமம், ஆன்மா

ஆய்வுச்சுருக்கம்

எபிரேய ஆதியாகமம் விலங்குக்கும் மனிதனுக்கும் பொதுவாக வழங்கும் ஒரே தொடர், தமிழ் ஐக்கிய மொழிபெயர்ப்பில் விலங்குக்கு 'ஜீவஜந்து' என்றும் மனிதனுக்கு 'ஜீவாத்துமா' என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மனிதப் பரிணாமத்தை ஏற்பதில் தமிழ்க் கிறித்தவ வாசகர் உணரும் தடையில் கணிசமான பகுதி இப்பிரிவைச் சார்ந்தது என்றும், அப்பிரிவுக்குத் தமிழ்ச் சூழலில் வலுவூட்டியது டார்வினுடனான வாதம் அன்று, மறுபிறப்புக் கொள்கையுடனான வாதமே என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. மதுரையை மையமாகக் கொண்ட கத்தோலிக்க, சீர்திருத்தச் சபை மரபுகளும் அண்மைக்கால மரபணு ஆய்வும் இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆதியாகமம், மொழிபெயர்ப்பு, ஆத்துமா, உயிர், பரிணாமம், மதுரை மிஷன், தத்துவ போதகர், மரபணுவியல்.

முன்னுரை

வைகையின் வடகரையில், தல்லாகுளத்தை ஒட்டி அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் அமைந்துள்ளன. முன்னது 1881இல் பசுமலையில் கல்லூரி நிலை பெற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் மைக்கேல் சம்புரோ முதல்வராக இருந்த காலத்தில் இவ்விடத்துக்குப் பெயர்ந்தது. பின்னது 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையாரால் நிறுவப்பட்டது. இரண்டும் அமெரிக்க மதுரை மிஷன் மரபில் வந்தவை. இத்தகைய கல்லூரிகளில் விலங்கியல் பயிலும் கிறித்தவ மாணவர் பலர் டார்வினைத் தேர்வுத் தாளுக்கும் ஆதாமை ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒதுக்கிவைத்துக்கொள்கின்றனர். இரண்டையும் ஒருங்கே நினைக்க நேரும்போது ஏதேனும் ஒன்றைக் கைவிட வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் தள்ளப்படுகின்றனர்.

இச்சிக்கலை விளக்குவோர் பெரும்பாலும் 'ஆறு நாள்' பற்றியே பேசுகின்றனர். நாள் என்பது யுகமா, இருபத்துநான்கு மணி நேரமா என்பது மேலை நாட்டில் நெடுங்காலம் நடந்த வழக்கு. தமிழில் அது அவ்வளவு கூர்மை பெறவில்லை. யுகக் கணக்கிலேயே பழகிய செவிக்கு நீண்ட நாள் ஒரு பொருட்டன்று என்பது ஒரு காரணமாகலாம். தமிழில் கூர்மை பெறும் கேள்வி வேறு: மனிதன் விலங்கிலிருந்து வந்தவன் என்றால் அவனுக்கு ஆத்துமா எப்போது வந்தது? கேள்வியில் உள்ள 'ஆத்துமா' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

வானியலில் தொடங்கிய வாதம்

தமிழகத்து அமெரிக்க மிஷனரிகள் அறிவியலை முதலில் தம் படைக்கலமாகவே கையாண்டனர். 1830களின் நடுப்பகுதியில் மதுரைக்கு வந்து பள்ளிப்பணி தொடங்கிய டேனியல் பூவர், அதற்கு முன் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராக இருந்தவர். 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் குறித்து உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பில் பிழை கண்டு, அதை வெளிப்படையாகச் சோதித்துக் காட்டியவர். வானியல் புராணப் பிரபஞ்சவியலைத் தகர்க்கும், தகர்ந்த இடத்தில் வேதாகமம் நிற்கும் என்பது அவர் தலைமுறையின் நம்பிக்கை.

அரை நூற்றாண்டு கழிந்தபின் அதே படைக்கலம் திருப்பிப் பிடிக்கப்பட்டது. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய 'தத்துவ விவேசினி' இதழ், புராணத்துக்கு இட்ட அளவுகோலையே வேதாகமத்துக்கும் இட்டது. வீ. அரசு பதிப்பித்துள்ள அவ்விதழ்த் தொகுதிகள் இன்று ஆய்வாளர் கைக்கு எளிதில் கிட்டுகின்றன. அவற்றை வாசிப்போர், பொருள்முதல்வாதம் தமிழில் ஆத்துமாவை மறுக்கும் வாதமாகவே முதலில் உருவெடுத்ததை உணரலாம். படைப்புக் கதையை மறுப்பது அதன் ஒரு கிளை. உடலுக்கு அப்பால் நிலைத்திருக்கும் ஒன்று இல்லை என்பதே அடிமரம்.

மிஷனின் தாயகத்திலும் நிலைமை இதற்குப் பெரிதும் வேறுபட்டதன்று. மதுரைக்கு மிஷனரிகளை அனுப்பிய அமெரிக்க வாரியம் பாஸ்டனில் இயங்கியது. அதன் அண்டை நகரில், ஹார்வர்டில் தாவரவியல் கற்பித்த ஆசா கிரே, டார்வினின் நண்பர். இயற்கைத் தேர்வும் இறை நோக்கமும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என 1870களில் எழுதியவர். காங்கிரிகேஷனல் சபைப் போதகரும் நிலவியலாளருமான ஜார்ஜ் ஃபிரெடரிக் ரைட் அவருக்குத் துணைநின்றார். வாரியத்தை உண்மையில் உலுக்கியது பரிணாமம் அன்று. நற்செய்தியைக் கேளாமலே இறந்தோரின் ஆத்துமாவுக்கு மறுமையில் இன்னொரு வாய்ப்பு உண்டா என்ற வினாவே 1886இல் அதன் ஆண்டுக் கூட்டத்தைப் பிளந்தது. அகமதுநகர் மிஷனரி இராபர்ட் ஹியூம், அவ்வினாவில் தாராளக் கருத்துடையவர் என்பதற்காகவே இந்தியா திரும்பத் தாமதிக்க நேர்ந்தது. விலங்கிலிருந்து மனிதன் வந்தானா என்பதைக் காட்டிலும் மனிதன் இறந்து எங்கே போகிறான் என்பதே மிஷன் உலகின் உயிர்நிலைக் கேள்வி. நம் மண்ணில் இக்கேள்விக்கு ஏற்கெனவே ஒரு விடை இருந்தது, அது மறுபிறப்பு.

ஒரு தொடர் இரண்டான கதை

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில், மண்ணால் உருவாக்கப்பட்டு மூச்சு ஊதப்பெற்ற மனிதன் 'நெஃபெஷ் ஹையா' ஆகிறான் என்கிறது எபிரேய மூலம். நெஃபெஷ் என்பதற்குத் தொண்டை, மூச்சு, உயிர், உயிருள்ள ஆள் எனப் பொருள்கள் விரியும். ஹையா என்பது உயிர்ப்புள்ளது. இதே தொடர் முதல் அதிகாரம் 20ஆம் வசனத்தில் நீர்வாழ்வனவற்றுக்கும், 24ஆம் வசனத்தில் நிலவிலங்குகளுக்கும், இரண்டாம் அதிகாரம் 19ஆம் வசனத்தில் ஆதாம் பெயரிட்ட உயிர்களுக்கும் வருகிறது. இறுதியாகக் கூறிய வசனத்தில் இன்னொரு பொதுமையும் உண்டு: மனிதனைப் போலவே விலங்குகளும் மண்ணிலிருந்து, அதே வினைச்சொல்லால், வனையப்படுகின்றன.

ஐக்கிய மொழிபெயர்ப்பில் 1:20, 1:24, 2:19 ஆகிய மூன்றிடத்தும் 'ஜீவஜந்து' என்ற சொல் நிற்கிறது. 2:7இல் மட்டும் 'ஜீவாத்துமா'. தமிழ் வாசகருக்கு இவை இரண்டும் ஒரே மூலத்தொடரின் மொழிபெயர்ப்பு என்று அறிய வழியே இல்லை. 'ஜந்து' என்பது இழிவுக் குறிப்பும் ஏற்கும் சொல். 'ஆத்துமா' என்பதோ தத்துவ நூல்களில் வாழ்ந்த சொல். இடைப்பட்ட தூரம் எபிரேயத்தில் இல்லை.

இப்பிரிவைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தாமே கண்டுபிடித்தனர் என்று கூறவியலாது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலும் விலங்கு வேறு சொல்லாலும் மனிதன் வேறு சொல்லாலும் குறிக்கப்படுகின்றனர். அதற்கு முற்பட்ட கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு இரண்டிடத்தும் 'ப்சுகே' என்ற ஒரே சொல்லையும், எரோனிமுவின் இலத்தீன் பெயர்ப்பு இரண்டிடத்தும் 'அனிமா' என்ற ஒரே சொல்லையும் ஆள்கின்றன. ஆக, பிளவு மூலத்திலும் இல்லை, பழைய பெயர்ப்புகளிலும் இல்லை. ஆங்கிலத்தில் அது வெறும் சொல் வேறுபாடாகக் கடந்துபோகலாம். தமிழில் 'ஆத்துமா' சுமந்துவந்த சமயப் பொருளால் அது தத்துவ வேறுபாடாகவே கெட்டிப்பட்டது.

பிரித்தவர் கையும் ஓரிடத்தில் தளர்ந்திருக்கிறது. மனிதனின் நாசியில் ஊதப்பட்டது ஐக்கிய மொழிபெயர்ப்பில் 'ஜீவசுவாசம்'. ஏழாம் அதிகாரத்தில் நோவாவின் பேழைக்குள் சென்ற விலங்குகளுக்கும், வெள்ளத்தில் மாண்ட உயிர்களுக்கும் அதே 'ஜீவசுவாசம்' வருகிறது. மூச்சு பொது, விளைவு மட்டும் வேறு என்றாகிவிட்ட இந்த முரணைப் பிரசங்க மேடைகள் கண்டுகொள்வதில்லை.

ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் ஐக்கிய மொழிபெயர்ப்பு முழு வேதாகமமாக வெளிவந்தது 1871இல். மனிதனின் விலங்கு மரபை டார்வின் நேரடியாக எழுதிய நூலும் அதே ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. இது தற்செயல், அதற்குமேல் பொருள் ஏற்றுவது முறையன்று. ஆனால் இன்னொரு தொடர்பு, தற்செயலே எனினும், வரலாற்றாளரை நிறுத்திப் பார்க்கவைப்பது. ஐக்கிய மொழிபெயர்ப்புக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் வேதாகமத்தை மொழிபெயர்த்து 1850இல் வெளியிட்டவர் பீட்டர் பெர்சிவல். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, தமிழ் மண்ணில் மனித வாழ்வின் தொன்மையை நிறுவிய நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், பெர்சிவலின் மருமகன். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய அவரது அறிக்கை 1883இல் வெளியானது. மாமனார் ஆதாமைத் தமிழில் எழுதினார். மருமகன் ஆதாமுக்குக் குறித்த காலக்கணக்கு போதாது என்பதற்குச் சான்றான கல்லை எடுத்தார். அக்கல்லின் வகையைச் சார்ந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு 2011இல் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் வெளியிட்ட காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு. அக்கருவிகளைச் செய்தோர் நம் இனமான ஓமோ சேப்பியன்ஸ் அல்லர். அவர்கள் ஜீவஜந்துவா, ஜீவாத்துமாவா? தமிழ் வேதாகமத்தின் சொல்லமைப்பு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்கிறது. எபிரேய மூலம் அந்த நெருக்கடியைத் தருவதில்லை.

வேலி எதற்காக இடப்பட்டது

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, தமிழில் தத்துவ போதகர், ஆன்மா குறித்து எழுதிய நூல் 'ஆத்தும நிர்ணயம்'. மறுபிறப்பை மறுக்க அவர் எழுதியது 'புனர்ஜென்ம ஆட்சேபம்'. இவற்றை 1960களில் ச. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்தார். இவ்விரு நூல்களையும் இணைத்தே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆத்துமா இன்னதென்று நிறுவுவதும், அது பல உடல்களில் புகுவதில்லை என்று நிறுவுவதும் தெ நொபிலிக்கு ஒரே பணியின் இரு முகங்கள்.

அவர் உரோமையில் கற்ற அக்குவினாசின் தத்துவம், தாவரத்துக்கும் விலங்குக்கும் ஆன்மா இல்லை என்று சொல்லவில்லை என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அது வளரும் ஆன்மா, உணரும் ஆன்மா, பகுத்தறியும் ஆன்மா என மூன்றைக் கூறும். முதல் இரண்டும் உடலோடு அழியும். மூன்றாவது மட்டும் அழிவற்றது, ஒவ்வொரு மனிதருக்கும் கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுவது. ஐரோப்பாவில் இது படிநிலை. மதுரையில் இப்படிநிலை மாற்றம் பெற வேண்டியதாயிற்று. புல்லுக்கும் புழுவுக்கும் உள்ளது ஆன்மாவே எனக் கிறித்தவர் இங்கு ஒப்புக்கொண்டால், அது அடுத்த பிறவியில் மனிதனாகலாம் என்ற வாதம் உடனே வாசலில் நிற்கும். மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரின் சிவபுராணம் புல் தொடங்கிப் பல பிறப்புகளை அடுக்கும் பகுதி, படித்தோர், படியாதோர் என்ற வேறுபாடின்றி இங்கு நாவில் வாழ்வது. ஆகவே 'ஆத்துமா' மனிதனுக்கே உரியதாக ஒதுக்கப்பட வேண்டியிருந்தது.

சைவ சித்தாந்தத்துடன் உள்ள வேறுபாடு இதனினும் ஆழமானது. பதியைப் போலவே பசுவும் அநாதி. உயிர் படைக்கப்படுவதன்று, உடலும் கருவிகளும் உலகும் நுகர்ச்சியுமே அதற்கு அளிக்கப்படுகின்றன. பெர்சிவலின் மொழிபெயர்ப்பு மேசையில் உடனிருந்த நாவலர் இக்கொள்கையினர். மனிதன் ஆத்துமாவாக 'ஆனான்' என்ற வாக்கியமே அவருக்கு ஏற்புடையதாக இருந்திருக்க முடியாது. ஆத்துமாவுக்குத் தொடக்கம் உண்டு என்பதே அவர் காலத்து வாதத்தின் மையம்.

தொல்காப்பிய மரபியலோ இவ்விரண்டிலிருந்தும் வேறான வழியைக் காட்டுகிறது. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கும் அப்பகுதியில் எல்லாமே 'உயிர்'தான்; வேறுபாடு அறிவின் அளவில். ஆறறிவுக்கு மக்களைக் கூறியபின், அக்கிளையில் பிறவும் உள என்று இடம் விடுகிறது. இதைப் பரிணாமக் கொள்கையின் முன்னோடி என்று மேடையில் முழங்குவது வரலாற்று நேர்மையாகாது. ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியது என மரபியல் எங்கும் சொல்லவில்லை, அது வகைப்பாடு. ஆயினும் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு அது தந்திருக்கக்கூடிய சொல் பெரிது. 'உயிர்' என்ற ஒற்றைச் சொல் நெஃபெஷின் பரப்பை ஏறக்குறைய முழுவதும் தாங்கும். அது கையில் இருந்தும் 'ஆத்துமா' தேர்ந்தெடுக்கப்பட்டது.

மதுரைச் சூழலில் தேவைப்பட்டது ஒரு வேலி. அது மறுபிறப்புக்கு எதிராக இடப்பட்டது. இன்று பரிணாமத்துக்கு எதிராக அதே வேலியைக் காத்துநிற்போர், அது வேறொரு வழக்கில் இடப்பட்டது என்பதை அறியாமலே காக்கின்றனர்.

ஜாதி, ஆதாம், மரபணு

ஐக்கிய மொழிபெயர்ப்பின் முதல் அதிகாரத்தில் இன்னொரு சொல்லும் கவனிக்கத்தக்கது. 'இனம்' எனப் பொருள்படும் எபிரேய 'மீன்' என்ற சொல்லுக்கு 'ஜாதி' நிற்கிறது. புல்லும் மரமும் பறவையும் விலங்கும் ஜாதி ஜாதியாகத் தோன்றுகின்றன. 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் உயிரின வகையைக் குறிக்க இது இயல்பான சொல்லே. ஆனால் மனிதப் படைப்பைக் கூறும் 1:26, 27 வசனங்களில் அச்சொல் வருவதில்லை; மூலத்திலும் இல்லை. மனிதர் தேவசாயலில் படைக்கப்படுகின்றனர், ஜாதியின்படி அல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் 17:26 மாந்தர் அனைவரையும் ஒரே இரத்தத்தில் தோன்றிய ஒரே 'மனுஷஜாதி' என்கிறது.

1840களின் பிற்பகுதியில் சாதி வேற்றுமையைக் கைவிடாதோரை உறுப்பினராக வைத்துக்கொள்வதில்லை என்ற கடுமையான நிலையை எடுத்த மதுரை மிஷனுக்கு, ஒரே ஆதாம் என்பது தொல்கதை அன்று, வழக்காடும் ஆவணம். அதே காலத்து அமெரிக்காவில் அறிவியலாளர் சிலர் மனித இனங்கள் தனித்தனியே தோன்றின என வாதிட்டு அடிமை முறைக்குத் துணைபோயினர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆதாமை இழக்க மிஷன் மரபினர் ஏன் அஞ்சினர் என்பது விளங்கும். இந்த அச்சம் மூடநம்பிக்கை என ஒதுக்கத்தக்கதன்று.

பின்வந்த அறிவியல் அந்த அச்சத்துக்கு எதிர்பாராத விடை தந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன், ஸ்பென்சர் வெல்ஸ் ஆகியோரின் ஆய்வில், மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் சிலரிடம் எம்130 என்ற ஒய்-குரோமோசோம் குறியீடு கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை வழியே ஆஸ்திரேலியா வரை சென்ற கூட்டத்தின் தடயம் அது. குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பிறப்பிலேயே குற்றவாளிகள் என முத்திரையிடப்பட்டு, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளான சமூகம் இது. பிறப்பைக் காட்டி இகழப்பட்டோரின் குருதி, மனிதகுலம் முழுமையின் உறவுக்குச் சான்றானது. இக்குறியீடு ஒரு சாதிக்கே உரியதன்று. 'முதல் இந்தியர்' என்ற நாளிதழ்ப் பட்டங்கள் புதிய சாதிப் பெருமைக்கே உதவும்.

இத்துறையார் வழங்கும் 'ஒய்-குரோமோசோம் ஆதாம்' என்ற பெயர் பெருங்குழப்பம் விளைத்துள்ளது. அவர் முதல் மனிதரும் அல்லர், தம் காலத்தின் ஒரே ஆணும் அல்லர். ஆண்வாரிசு அற்ற வீட்டின் வழி மகள் வயிற்றில் தொடர்ந்தாலும் தந்தைவழிப் பட்டியலில் மறைவதைப் போல, உடன்வாழ்ந்த பிற ஆண்களின் தந்தைவழி மட்டும் அற்றுப்போயிற்று. மனித மரபணுவின் பல்வகைமை, நம் முன்னோர் தொகை ஒரே இணையளவுக்குச் சுருங்கியதாகக் காட்டவில்லை. ஒரே இரத்தம் என்பது நிலைக்கிறது; ஒரே இணை என்பது நிலைக்கவில்லை.

இணக்கமும் எஞ்சியதும்

கத்தோலிக்கத் திருச்சபையின் பதில் 1950இல் பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட 'உமானி ஜெனெரிஸ்' சுற்றுமடலில் உள்ளது. மனித உடல் முன்னிருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என்பதை ஆராயலாம். ஆன்மாவோ கடவுளால் உடனடியாகப் படைக்கப்படுகிறது என நம்ப வேண்டும். 1996 அக்டோபர் 22 அன்று இரண்டாம் யோவான் பவுல் பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என ஏற்றார். ஆன்மாவைப் பொறுத்துப் பழைய நிலையே நீடித்தது. உடல் இயற்கை வழியில், ஆன்மா இறைவன் கையால் என்ற இப்பகுப்பு தமிழ்ச் செவிக்கு மிக இயல்பாக ஒலிக்கும். உயிர் வேறு, அதற்கு அளிக்கப்படும் உடல் வேறு என்று பழகிய மண் இது. இந்த எளிமையே எனக்கு ஐயத்தைத் தருகிறது. ஆதியாகமம் 2:7இல் மனிதனுக்கு நெஃபெஷ் வழங்கப்படவில்லை. அவன் நெஃபெஷ் ஆகிறான். உடலுக்குள் இறக்கிவைக்கப்படும் பொருளாக ஆத்துமாவைக் கருதும் வாசிப்பு, அக்குவினாசுக்கும் முழுமையாக உடன்பாடானதன்று. அவருக்கு ஆன்மா என்பது உடலின் வடிவம்.

1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், 2:7இல் மனிதனை 'உயிர் உள்ளவன்' என்கிறது. முதல் அதிகாரத்து 'உயிரினங்கள்' என்ற சொல்லுடன் அது வேர் ஒன்றுபடுகிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடிச் செய்த இப்பெயர்ப்பு வழிபாட்டில் பெரும்பாலும் கத்தோலிக்கருடையதாகவே நின்றுவிட்டது. மதுரையின் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் இன்றும் ஒலிப்பது 1871இன் வழிவந்த 'ஜீவாத்துமா'வே. கோட்பாட்டில் ஆன்மாவின் தனிப்படைப்பை உறுதியாகக் கூறும் சபை, வேலி இல்லாத சொல்லை வாசிக்கிறது. அத்தகைய சுற்றுமடல் எதற்கும் கட்டுப்படாத சபை, வேலியுள்ள சொல்லை வாசிக்கிறது.

சொல்லைத் திருத்துவதால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கொள்வதற்கில்லை. முதல் பெற்றோர் ஒரே இணையாக இல்லையெனில் ஜென்மபாவம் எவ்வாறு வழிவருகிறது என்பதற்கு 1950ஆம் ஆண்டுச் சுற்றுமடல் வழி காணவில்லை. மரபணுவியல் அக்கேள்வியை இன்னும் இறுக்கியுள்ளது. உரோமர் 5ஆம் அதிகாரத்தை ஆதாமை ஓர் ஆளாகக் கொள்ளாமல் வாசிப்பது இயலுமா என்பது இறையியலாளர் முன் உள்ள வழக்கு. ஆனால் அது பாவத்தையும் மீட்பையும் பற்றிய வழக்கு. ஆத்துமா விலங்குக்கு உண்டா இல்லையா என்பதன்று. ஆதியாகமம் மனிதனைத் தனித்துக் காட்டுவது 1:27இன் 'சாயல்' என்ற சொல்லால். அதைத் தொடர்ந்து வருவது பொருளின் வரையறை அன்று, பொறுப்பின் கட்டளை: ஆளுகை, பராமரிப்பு. விலங்கோடு மண்ணாலும் மூச்சாலும் நெஃபெஷாலும் உறவுடைய ஓர் உயிர், தன் உறவினருக்குப் பெயரிட அழைக்கப்படுவதே 2:19இன் காட்சி. ஐக்கிய மொழிபெயர்ப்பில் அங்கே ஆதாம் பெயரிடுவது ஜீவஜந்துக்களுக்கு. எபிரேயத்தில் அவன் பெயரிடுவது, தான் எதுவோ அதுவேயான உயிர்களுக்கு.